பவழமல்லி என்ற பாஸ்வேர்டு

வக்கீல் சுந்தரராமனின் அலுவலகம் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. தொண்ணூற்றாறில் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது கூடவே ஜஹனாராவும் வந்தாள். பாண்டி பஜார் பக்கம் ஓர் இன்ஸ்டிடியூட்டில் படித்தவள். எதைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பாள், பிறகுதான் கவலைப்படுவாள்.

கவலைப்பட வேண்டிய வேலைதான் அது. கட்சிக்காரர்களின் உயில்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒரே கோப்பில் பூட்டிக் கிடந்தன. பாஸ்வேர்டு தராமல் திறந்தால் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கல்தான் தெரியும். பூட்டு என்னவோ உறுதியானதுதான். சாவிதான் சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. சுந்தரராமனுக்கு அது நினைவில் நிற்காது, காதும் கொஞ்சம் மந்தம். உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுப்பார்.

"அம்மா ஜஹனாரா, அந்த வார்த்தை என்ன?"

"பவழமல்லி, சார்!"

"என்னது?"

"பவழமல்லி!"

கீழே டீக்கடைக்காரர் அவள் பெயரே அதுதான் என்று நினைத்துவிட்டார். "இன்னா பவழமல்லி, டீ மேல அனுப்பட்டா?" என்று கேட்பார். அவளும் திருத்தவில்லை.

கட்சிக்காரர்களில் தேவானை அம்மாள் தனி ரகம். அடையாறு காந்தி நகரில் தோட்டத்தோடு ஒரு வீடு, குழந்தை கிடையாது. எந்த உறவுக்காரர்மேல் கோபம் வருகிறதோ, அவர் பெயரை உயிலிலிருந்து எடுக்க ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் தனக்கு இரண்டாம் முறை பாயசம் கேட்காத குற்றத்துக்காக ஒரு தம்பி மகள் தோட்டத்தையே இழந்திருக்கிறாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது உயில், அதோடு ஸ்கேன் செய்த பத்திரப் பக்கங்கள். ஒரு நாள் கோப்பு அதன் எல்லையைத் தொட்டது. இனி ஒரு வரிகூட ஏற்க மாட்டேன் என்றது புரோகிராம்.

"சார், இடமே இல்லை. தேவானை அம்மாவோட பழைய உயிலையெல்லாம் அழிச்சிடலாமா?"

"நன்னாருக்கு! நாளைக்குக் கோர்ட்டுல எவனாவது கேட்டா நான் கையை விரிச்சுண்டு நிக்கணுமா? ஒண்ணும் போகப்படாது."

ஆகவே ஜஹனாரா பழையவற்றை ஃப்ளாப்பிகளுக்கு மாற்றினாள். சனிக்கிழமை தோறும் மிச்சம் அத்தனைக்கும் பேக்கப் எடுத்தாள். ஒரு பிரதி அலுவலக மேஜைக்குள். இன்னொன்று வீட்டில், அம்மா ஹாஜிரா பீயின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே. கம்ப்யூட்டரில் இருந்த சீட்டாட்டத்தையும் இடத்துக்காக அழித்தாள். சுந்தரராமன் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவது அதைத்தான். அவரால் அதைப் பற்றி வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தேவானை அம்மாளின் அண்ணன் மகன் ஜவஹர் அடிக்கடி வர ஆரம்பித்தான். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டலாம் என்று அத்தையை நச்சரித்துக்கொண்டிருந்தவன். "சாரைப் பாக்கணும், வெயிட் பண்றேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பான். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம் ஜஹனாரா சாப்பிட்டுவிட்டு வந்தபோது பெஞ்ச் காலி. உள்ளே கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவே கடலைத்தோல் கிடந்தது.

அவள் முதலில் சிரித்தாள். வக்கீலிடம் சொன்னால் போலீஸ், நோட்டீஸ் என்று ஆகும். அதில் அவளுக்கு ருசி இல்லை. உண்மைக் கோப்புக்குப் புது பாஸ்வேர்டு போட்டு, 'கரண்ட் பில்' என்று பெயர் மாற்றினாள். 'உயில்' என்ற பழைய பெயரில், பழைய பாஸ்வேர்டிலேயே, இன்னொரு சின்னக் கோப்பை வைத்தாள். அதில் தேவானை அம்மாளின் பெயரில் அவளே எழுதிய ஒரு போலி உயில் மட்டும் இருந்தது. அதன்படி வீடு ஜவஹருக்கே. ஆனால் அவன் ஞாயிறு தோறும் அத்தையை பெசன்ட் நகர் பீச்சுக்கு அழைத்துப் போக வேண்டும். அத்தை சொல்லும் பழைய கதையை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். ஃப்ளாட் என்ற சொல்லை அவன் நாக்கு உச்சரிக்கக் கூடாது.

அதன் பிறகு வக்கீல் குரல் கொடுத்தால், "நகருங்க சார், நானே அடிக்கிறேன்" என்று ஓடிவந்துவிடுவாள்.

மறு மாதம் தேவானை அம்மாள் கலவரத்தோடு வந்தார். "இன்னா கண்ணு இது, ஜவஹர் பய திடீர்னு நல்லவனாயிட்டான்! பீச்சுக்கு இட்டுகினு போறான், சுண்டல் வாங்கித் தர்றான். எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? டாக்டர் அவன்கிட்ட சொல்லிட்டாரா?"

ஜஹனாரா கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள்.

மழைக்காலத்தில் மின்சாரம் ஏறி இறங்கி ஹார்டு டிஸ்க் செத்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "என் கட்சிக்காராள்ளாம் என்னைக் கொன்னுடுவா!" என்று சுந்தரராமன் தலையில் கை வைத்தார். ஒழுகிய கூரைத் தண்ணீரில் மேஜைப் பிரதியும் ஊறிப்போயிருந்தது. ஜஹனாரா வீட்டுக்கு ஓடி, புடவைகளுக்கு நடுவிலிருந்த ஃப்ளாப்பிகளை எடுத்து வந்தாள். புது டிஸ்க் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றினாள். எல்லாம் திரும்பி வந்தது. அவளுடைய குறும்பும் சேர்ந்துதான்.

அவள் முன்னறையில் போன் பேசிக்கொண்டிருந்தபோது தேவானை அம்மாள் வந்து உட்கார்ந்தார். டிஸ்க் செத்த செய்தி கேட்டு, தன் உயில் பத்திரமா என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். சுந்தரராமன் 'உயில்' கோப்பைத் தொட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக பாஸ்வேர்டு அவருக்கே நினைவு வந்தது. அந்தப் பெருமிதத்தில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பீச் வந்ததும் குரல் தேய்ந்தது. ஃப்ளாட் வந்ததும் நின்றது.

"ஜஹனாரா!"

அவள் கதவருகே வந்து நின்றாள். சிரிப்பு வரவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். கடலைத்தோலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"கட்சிக்காரா பேர்ல நீ எப்படி எழுதலாம்? விளையாட்டா இது?" சுந்தரராமன் மேஜையைத் தட்டினார்.

"தப்புதான் சார்."

தேவானை அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"வக்கீல் சார், அதட்டாதீங்க. இத்தினி வருசமா நீங்க எழுதுன உயில்ல ஒண்ணாவது என்னை பீச்சுக்கு இட்டுகினு போச்சா?"

"இதெல்லாம் சட்டப்படி செல்லாதும்மா!"

"செல்ல வாணாம். இப்படியே இருக்கட்டும்."

சுந்தரராமன் ஒரு பைலை எடுத்துக்கொண்டு, எதையும் தான் பார்க்கவில்லை என்ற பாவனையில் வெளியே போனார். தேவானை அம்மாள் நாற்காலியை ஜஹனாராவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கண்ணு, அதுல இன்னும் எடம் கீதா?"

"நிறைய இருக்கும்மா."

"அப்போ எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கக் கத்துக்கணும்னு ஒரு வரி சேரு. எங்க அண்ணி வைக்கிற மாதிரி. பெத்த அம்மாகிட்டயே போய்க் கேக்கட்டும்."

பொங்கலுக்குள் ஜவஹர் நன்றாகவே சமைக்கக் கற்றுக்கொண்டான்.