கொடியில் நாலு வெள்ளை விரிப்பு

பதினோரு வருஷமாக ஃபெலிஸ்மினாவின் கணவன் செஃபெரினோவின் உயிர் அவள் துணி காயப்போடும் கொடியில்தான் தொங்கியது. தங்கள் ஊரான அல்கோட்டிமிலிருந்து கடத்தல் காப்பி மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு குவாதியானா ஆற்றை நீந்திப் போய் ஸ்பெயின் கரையில் விற்றுவிட்டு வருவான். கொடியில் வெள்ளை விரிப்பு கிடந்தால் திரும்பி வரலாம். சிவப்புக் கம்பளி கிடந்தால் இந்தக் கரையில் காவல் இருக்கிறது. இந்தக் கணக்கு அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று காலையிலிருந்து சிவப்புக் கம்பளிதான். நாணலுக்குள் இரண்டு காவலர்கள் துப்பாக்கியோடு படுத்திருந்தார்கள். மத்தியானம் மாமனார் பொனிஃபாசியோ, மகன் எங்கே எங்கே என்று கேட்டபடியே கண்ணை மூடினார். பாவி மனுஷன், சாகவும் நாள் பார்த்தார்.

சாவு வீட்டுக்காரர்கள் ஒரு வேலையும் தொடக்கூடாது. அடுத்த வீட்டு எர்மீனியா, கிழவர் படுத்திருந்த நாலு வெள்ளை விரிப்புகளை ஆற்றில் அலசி வந்தாள். கம்பளியை உருவி எறிந்துவிட்டு அவற்றை விரித்துப் போட்டாள். அதைப் பார்த்த ஃபெலிஸ்மினா எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"அக்கா, அந்தக் கம்பளியத் திரும்பப் போட்டுடுங்க," என்றாள் மெதுவாக.

"பேசாம ஒக்காருடி. பொணத்த வச்சுக்கிட்டு கம்பளிக்கு அழுவுறா பாரு."

துக்கம் கேட்க வந்த காவல் சார்ஜெண்ட் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"புருஷன் எங்கம்மா?"

"பேஜாவுக்கு அறுப்புக்குப் போயிருக்காருங்கய்யா."

அக்கரையில் அரளிப் புதருக்குப் பின்னால் ஓர் ஆள் எழுந்து சட்டையைக் கழற்றினான். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "ஐயோ மாமா, போயிட்டீங்களே" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி, நாலு விரிப்பையும் இழுத்துத் தள்ளினாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

கொடி காலியானதும் அக்கரைக்காரன் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். ஃபெலிஸ்மினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அவள் தொடங்கி வைத்ததைப் பெண்கள் விடவில்லை. வழக்கப்படி செத்தவர் பேரைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். ஆறோ குறுகல், சத்தம் அப்படியே அக்கரைக்குப் போனது.

"நிறுத்துங்கடி, அவரு பேரச் சொல்லாதீங்கடி."

அவர்கள் இன்னும் உரக்க அழுதார்கள். செஃபெரினோ தலையை நிமிர்த்திக் கேட்டான். அப்பன் பேர் காதில் விழுந்த பிறகு அவன் கொடியைப் பார்க்கவே இல்லை. ஆற்றில் குதித்தான்.

வாசலுக்கு வந்த சார்ஜெண்டின் காலை ஃபெலிஸ்மினா கட்டிக்கொண்டாள். "அப்பன் மொகத்தப் பாக்க வராருய்யா. பாத்துக்கட்டும், அப்புறம் நீங்க கொண்டு போங்க."

அவர் காலை உதறிக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, நாணல் பக்கம் பார்த்து ஊதலை ஊதினார். காவலர்கள் இருவரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார்கள்.