பதினோரு ஊர்ப் பனியன்கள்

எங்கள் வீட்டில் துடைக்கிற துணிக்கெல்லாம் ஊர்ப் பெயர்தான். "ஏங்க, ஐயம்பேட்டைய எடுத்துக்கினு வாங்க, தண்ணி கொட்டிக்கிச்சி" என்பாள் என் மனைவி. ஜன்னலுக்கு உத்திரமேரூர். வண்டிக்கு வாலாஜாபாத். மாகறல் தடித்த துணி என்பதால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க. எல்லாம் நான் கபடி ஆடிச் சம்பாதித்த பனியன்கள். மொத்தம் பதினோரு ஊர். அதில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் எங்கள் தெருவின் பனியன்.

"ஊருக்கெல்லாம் போயி விழுந்து எழுந்து வர்றீங்க, நம்ம தெருவுல ஒரு துணி தர மாட்டேன்றானுங்களே" என்று அவள் அவ்வப்போது சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

கபடியில் எல்லாருக்கும் தெரிந்தவன் பாடிப் போகிறவன். மூச்சு விடாமல் கபடி கபடி என்று எதிரணிக்குள் நுழைந்து, யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் அவனுக்குப் புள்ளி. அவனுக்கு அடுத்தபடி பேர் வாங்குகிறவன் மூலையில் நிற்பவன், பாய்ந்து காலைப் பிடிப்பவன். நான் அந்த மூலைக்காரனுக்குப் பக்கத்தில் அவன் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறவன். வழியை மறிப்பது என் வேலை. வருகிறவன் எங்கள் இரண்டு பேரின் கைக்கு நடுவில் மோதுவான், அந்தக் கைப்பின்னல் அறுந்துவிடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் மைக்கில் என் பேர் வந்தது ஒரே ஒரு தடவை. வண்டியை வழியில் நிறுத்திவிட்டேனாம், எடுக்கச் சொல்லி.

எங்கள் தெரு என்னை ஒதுக்கியதற்குக் காரணமும் அந்தக் கைதான். பன்னிரண்டு வருஷம் முன்பு, ஒரு இறுதிப் போட்டியில், கடைசி ஆளாகப் பாடி வந்தவன் நேராக எங்கள் கைப்பின்னலில் வந்து மோதினான். கை வெடுக்கென்று இழுபட்டது. நான் விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை ஐயா. பத்து வயதிலிருந்து பட்டு இழை பிடித்த கை இது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவில் இழை வெடுக்கென்று இழுத்தால் விரல் அந்த நொடியே தளர வேண்டும். இறுக்கினால் இழை அறுந்துபோகும். வீட்டில் அதற்காக எத்தனை குட்டு வாங்கியிருப்பேன்! இழுத்தால் விடு, இழுத்தால் விடு என்று பழகிய விரலுக்கு, இது இழை இல்லை, மூலைக்காரனின் கை என்று எப்படித் தெரியும்? வந்தவன் நடுவில் புகுந்து போய்விட்டான். மூலைக்காரன் குப்புற விழுந்ததில் முன்பல் பாதி உடைந்தது. கோப்பை போனது.

கேப்டனும் தறிக்காரன். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது, சிரிப்புகூட வந்தது. மூலைக்காரனுக்குப் புரியவில்லை. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆபத்து என்றால் அவன் கைக்கு ஹேண்டில்பாரை இறுக்கித்தான் பழக்கம். "கைய உட்டுட்டு கத சொல்றான் பாரு. இனிமே அவன்கூட நான் நிக்க மாட்டேன்பா" என்று சொல்லிவிட்டான். நல்ல மூலைக்காரனா, கைவிட்ட நானா என்றால் யாரை வைத்துக்கொள்வார்கள்? அதுவரை எங்கள் தெருவுக்குப் பனியனே கிடையாது, அவரவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடுவோம். நான் வெளியே வந்த அடுத்த வருஷம் பனியன் அடித்தார்கள். அரக்கு நிறம், மஞ்சள் கரை. தறிக்காரத் தெருவுக்கு வேறென்ன நிறம் தோன்றும்! பார்த்தபோது வயிறு எரிந்தது.

அப்புறம் நான் ஊர் ஊராக ஆடினேன். எந்த ஊர் அணியில் ஆள் குறைந்தாலும் எனக்குப் போன் வரும். பேருந்தில் போவேன், ஆடுவேன், பிரியாணி சாப்பிடுவேன், போட்டிருந்த பனியனோடு வீட்டுக்கு வருவேன். வெளியாளுக்குப் பனியன் சொந்தம் என்பது வழக்கம். ஒரு ஊரில் ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று அவர்கள் அம்மன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் பழக்கதோஷத்தில் முந்தின வாரத்து ஊர் அம்மனைக் கூப்பிட்டுவிட்டேன். ஆட்டத்தை நிறுத்திவைத்து, என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய்த் தேங்காய் உடைக்க வைத்த பிறகுதான் களத்தில் விட்டார்கள். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் அம்மன் பேரைக் கேட்டுவிடுவேன்.

கை சரியாகவில்லை என்று சொல்ல முடியாது. பதினோரு ஊரிலும் ஒருத்தர் கையையும் நான் விட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை மோதும்போதும் விரல் தளரப் பார்க்கும். அதோடு மல்லுக்கட்டித்தான் நிற்பேன். ஆட்டம் முடிந்து வந்தால் உள்ளங்கை மண்ணில் தேய்ந்து சொரசொரவென்று இருக்கும். அந்தக் கையோடு பட்டைத் தொட்டால் இழை மாட்டிக்கொள்ளும். மனைவி விளக்கெண்ணெய் தடவி, கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் நான் தறியில் உட்காரலாம். அதுவரை அவள் தனியாக நெய்வாள். நெய்துகொண்டே திட்டுவாள்.

போன காணும் பொங்கலன்று காலையில் கேப்டன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். மாகறலில் போட்டி. எங்கள் தெருவில் என் இடத்தில் ஆடுகிறவன் முந்தின நாள் பேருந்திலிருந்து இறங்கும்போது காலைப் பிசக்கிக்கொண்டானாம். "வேற ஆளு இல்லபா, நீ வந்துடு" என்றான். அவனுக்குப் பின்னால் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. மூலைக்காரன் இறங்கவே இல்லை. எனக்குச் சந்தோஷமா பயமா தெரியவில்லை. முப்பத்தெட்டு வயது, முட்டி வேறு சத்தம் போடுகிறது. இதை விட்டால் அந்த அரக்குப் பனியன் இந்த ஜென்மத்தில் இல்லை.

ஆட்டோவில் ஏறியதும் மூலைக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினான். பாதிப் பல் வழியாகக் காற்று விசிலடித்தது. "ரெண்டு விசயம். கைய நீ புடிக்காத. உன் மணிக்கட்ட நான் புடிச்சிக்கிறேன். அப்புறம் இந்தப் பனியன் அடிபட்டவனுது. மேட்ச் முடிஞ்சதும் கழட்டிக் குடுத்துடணும்." ஆறு வயதுப் பிள்ளையைச் சாலை கடக்கக் கூட்டிப்போகிற மாதிரி மணிக்கட்டைப் பிடிப்பானாம்! எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். பனியன் மேல் ஆசை.

மாகறலில் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். "இன்னாண்ணே, இந்த வருசம் எந்த ஊரு?" என்று கிண்டல் செய்தார்கள். "இந்த வருசம் எங்க ஊரே" என்றேன்.

மதியத்துக்குள் இரண்டு ஆட்டம் ஜெயித்து, சாயங்காலம் இறுதிப் போட்டியில் மாகறலையே சந்தித்தோம். வெயில் சாய்கிறபோது நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். கடைசியாகப் பாடி வரும் முறை அவர்களுடையது. பாட வந்தவன் ஒல்லியான பையன், மூன்று வருஷம் முன்பு அவனோடு நான் ஒரே அணியில் ஆடியிருக்கிறேன். கைப்பின்னலை உடைத்துக்கொண்டு போவது அவனுக்குக் கைவந்த கலை. உடைத்தால் எங்கள் இரண்டு பேரையும் தொட்ட கணக்கு, கோப்பை அவர்களுக்கு. அதாவது பன்னிரண்டு வருஷம் முன்பு நடந்தது அப்படியே திரும்ப நடக்கும்.

அந்த நேரத்தில் மூலைக்காரன் என் மணிக்கட்டை விட்டான். திக்கென்றது. என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை நீட்டினான்.

"வேர்வை. வழுக்குது" என்றான். "கையக் குடு."

எனக்கு அப்படி ஒன்றும் வேர்க்கவில்லை. கையை மண்ணில் ஒரு தேய் தேய்த்து, அவன் கையைக் கோத்தேன்.

ஒல்லிப் பையன் இடப்பக்கம் போக்குக் காட்டினான், பின்வாங்கினான், நாங்கள் வளைக்க முன்னேறியதும் தோளை இறக்கி நடுவில் மோதினான். கை வெடுக்கென்று இழுபட்டது. விரல் தளரப் பார்த்தது. அட சனியனே, இது இழை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்று பேரும் ஒன்றாகச் சுற்றி விழுந்தோம். மேலே இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். வாயெல்லாம் மண். பையனின் கபடிப் பாட்டு நின்றது, நடுவர் விசில் ஊதினார்.

எங்கள் தெருவிலிருந்து ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க ஓடி வந்து மூலைக்காரனைத் தூக்கியது. மைக்கிலும் அவன் பேர்தான். அவன் மேலே போகப் போக என் கையும் கூடவே போனது.

"உடுடா" என்று மேலிருந்து கத்தினான். "எல்லாம் முடிஞ்சிடுச்சி, வெரலு மரத்துப் போச்சி, உடு!"

அப்புறம்தான் விட்டேன். அவன் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தான், உடைந்த பல் தெரிய. பன்னிரண்டு வருஷமாக அவன் என் எதிரில் சிரித்ததில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே பாட்டும் கூத்தும். எங்கள் வீட்டு வாசலில் இறங்கி, பேச்சு பேச்சாக இருக்கட்டும் என்று பனியனைக் கழற்றப் போனேன். மூலைக்காரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னான்: "பனி பெய்யுது. போட்டுக்கினு போ."

மாசம் தை, மணி ஆறரை, பனி ஒன்றும் பெய்யவில்லை. நான் பனியனோடு உள்ளே போய்விட்டேன்.

மனைவி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவன் நகம் நாலு இடத்தில் பதிந்திருந்தது. "நாலு நாளு பாவுல கை வெக்கக் கூடாது" என்று சொல்லி விளக்கெண்ணெய் எடுக்கப் போனாள். பனியனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. துவைத்துக் கொடியில் போட்டாள், மற்ற ஊர்களோடு.

மறுநாள் காலை, எண்ணெய்க் கையோடு டீயைக் கொட்டிவிட்டேன். தறிக்குப் பக்கத்தில் ஓடுகிறது டீ. அவசரத்தில் கொடியில் கைக்குக் கிடைத்ததை இழுத்தேன். தறியிலிருந்து அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"யோவ்! அது நம்ம தெருது, வெய்யி! மாகறல எடு!"