ஸ்டென்சிலில் நான் விட்ட வரி

தொண்ணூற்றொன்பதாம் வருடக் கோடையில், வடக்கே பனிமலையில் சண்டை நடந்தபோது என் வீட்டுக்காரர் அங்கே பட்டாளத்தில் நாயக்காக இருந்தார். நான் கோயமுத்தூரில், கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். அவரிடமிருந்து கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகியிருந்தது. உக்கடத்தில் எங்கள் வீதி முனையில் தபால்காரர் சைக்கிள் திரும்பினால் என்ன சேதியோ என்று பதறுவேன். திரும்பாமல் நேரே போனால் அதைவிட மோசம்.

அந்த வாரம்தான் ரிட்டயர்டு பிரிகேடியர் ஒருவர் கடைக்கு வந்தார். மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து பட்டாளத்துக்குப் போனவர். எழுபத்தொன்று சண்டையில் பிடிபட்ட எதிரிகளை வைத்திருந்த முகாம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்ததாம். கையில் ஓர் அறிக்கை. அவரும் இரண்டு பழைய கர்னல்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முன்னாள் ராணுவத்தினர் கூட்டத்தில் கொடுக்கவும், பத்திரிகைகளுக்கு அனுப்பவும் நூறு பிரதி வேண்டும் என்றார்.

படித்தேன். பிடிபட்ட எதிரியை அடிக்கக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, காயத்துக்கு மருந்து போட வேண்டும், நம்மவன் தின்பதையே அவனுக்கும் கொடுக்க வேண்டும் என்று போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர் டீக்கடையில் தினமும், "புடிச்சவனை அங்கியே சுட்டுப்போடோணும்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கட்சிதான். பொய் சொல்வானேன்.

"ஏனுங்கய்யா, நம்ம ஆளுக செத்துட்டிருக்கறப்ப இது தேவைங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

"இப்பத்தானுங்க அம்மணி தேவை. சண்டை முடிஞ்சப்புறம் சொல்றதுக்கு யாரு வேணாலும் வருவாங்க."

ஊருக்கு உபதேசம் சொல்ல வந்துவிட்டார் என்று மனதுக்குள் கறுவினேன். என் வீட்டுக்காரர் அங்கே இருப்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அவர் போனதும் ரிப்பனை ஒதுக்கிவிட்டு ஸ்டென்சில் தாளை மெஷினில் மாட்டினேன். ஸ்டென்சில் என்றால் எழுத்து தாளை வெட்டிக்கொண்டு போகும். தப்பு விழுந்தால் சிவப்புத் திரவம் தடவி, ஊதி, காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும். அதனால் எட்டு வருடமாக ஒரு வரியைக்கூட விட்டதில்லை நான். அன்று விட்டேன். கை தவறி என்று சொல்லிக்கொள்ளலாம். தவறவில்லை. 'பிடிபட்டவனின் பெயரை எழுதி வாங்கி, அவன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியை அவன் வீட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்' என்ற வரி. என் வீட்டுக்கு ஒரு கடுதாசி இல்லை, அவன் வீட்டுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். தாண்டி அடித்தேன். நூறு பிரதியும் சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்து ஒரு பிரதியை மெதுவாகப் படித்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சுங்களே அம்மணி."

"தாள்ல எடமில்லீங்க," என்றேன். அடியில் நாலு விரற்கடை வெள்ளையாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சரிங்க. அதை நான் வாயால சொல்லிக்கறேன். கட்டு இங்கியே இருக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை கடைக்குப் போன் வந்தது. பெருந்துறையிலிருந்து, என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவரின் சம்சாரம்.

"அக்கா, எங்கூட்டுக்காரரு லெட்டர் வந்துச்சுங்க. மேல போன பதினோரு பேர்ல உங்கூட்டுக்காரரு மட்டும் எறங்கி வரலீங்களாமா. தேடிட்டிருக்காங்களாமா."

ரிசீவரை வைத்தேனா, முதலாளி வாங்கி வைத்தாரா, தெரியாது. பனியில் விழுந்திருப்பாரா? குண்டு பட்டிருக்குமா? இல்லை, பிடித்துக்கொண்டு போயிருப்பார்களா? பிடித்திருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன். கொடுமுடி சாமிக்கு நேர்ந்துகொண்டேன், எதிரி கையிலாவது உயிரோடு இருக்கட்டும் என்று. அங்கே ஒருத்தனாவது, இவன் பேரைக் கேளு, இவன் வீட்டுக்கு ஒரு வரி எழுது என்று சொல்லுவானா? தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, எனக்குத் தெரிந்தது.

கட்டைப் பிரித்தேன். அந்த நாலு விரற்கடை வெள்ளையில், விட்ட வரியைப் பேனாவால் எழுதினேன். நூறு தாளிலும். மத்தியானச் சோற்றுப் போசியைத் திறக்கவில்லை. அறுபதுக்கு மேல் கையெழுத்து கோணிப்போயிற்று.

சாயங்காலம் பிரிகேடியர் வந்தார். மேல் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"நம்பர், ரேங்க், பேரு சொல்லுங்க."

சொன்னேன். எழுதி, திரும்ப எனக்கே படித்துக் காட்டினார். கடைப் போனிலிருந்தே யார் யாருக்கோ பேசினார்.

பதினோரு நாள் கழித்துத் தந்தி வந்தது. பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடந்தவரை வேறொரு பிரிவினர் தூக்கிப்போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தார். பிரிகேடியரின் போன்களால் தந்தி வந்ததா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. ஆள் இருந்தார், அது போதும்.

இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். ஒருநாள், நான் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியைக் காட்டினேன், நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அடியில் என் கையெழுத்தில் இருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழறதுக்கு மொத நாளு ஒருத்தனைப் புடிச்சோம். நான்தான் காவலு. தண்ணி குடுத்தேன். பேரும் ஊரும் சொன்னான், ரெண்டு தடவை சொன்னான். நான் எழுதிக்கலை."

"என்ன பேருங்க?" என்று கேட்டேன்.

அவருக்கு ஞாபகம் வரவில்லை.