சும்மா கேம்ப்

ஏப்ரல் கடைசி ஆகிவிட்டால் எங்கள் காலனியில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி வந்துவிடும். "பசங்க சும்மாதான கீதுங்க?" தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள், கோழிக் கடையில் கேட்பார்கள், சர்ச் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள். காதில் விழும்போது சாதாரண நலம் விசாரிப்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் "ஆமா, சும்மாதான்" என்று எந்த அம்மா பதில் சொல்கிறாளோ, அந்த வீட்டு வாசலில் அடுத்த வாரம் வேன் வந்து நிற்கும்.

அதற்குப் பெயர் லீவு வேலை. பரீட்சை முடிந்த பிள்ளைகளைப் பள்ளி திறக்கும் வரைக்கும் மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள். அட்டைப்பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது, எண்ணிப் பையில் போடுவது. வயது கேட்க மாட்டார்கள், அல்லது கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்க மாட்டார்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிறது காலனி. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கரி மாடியில் காயும் துணியில் படியும். எங்கள் முன்னோர் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டார்கள், அறுத்தார்கள். நாங்கள் அடுத்தவர் கம்பெனியில் பெட்டி மடிக்கிறோம். அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவும் வேலை. விடிவதற்கு முன்னால் போனால்தான் முதல் ஷிப்டுக்காரர்களின் நாஷ்டாவுக்குத் தட்டு தயாராக இருக்கும்.

என்னோடு பத்தாவது எழுதிவிட்டு லீவு வேலைக்குப் போன யாரையும் நான் ஜூன் மாதம் வகுப்பில் பார்க்கவில்லை. நான் தப்பித்தது என் புத்திசாலித்தனத்தால் இல்லை. அந்தக் கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை. பாயில் கிடக்கிறவனைச் சும்மா இருக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. கண் வெளுத்து எழுந்து உட்கார்ந்தபோது பள்ளி திறந்துவிட்டது, போய்விட்டேன். எங்கள் வீட்டில் பிளஸ் டூவும் அதற்கு மேல் டிப்ளமோவும் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையைப் பற்றி யாராவது பேசும்போதெல்லாம் எனக்குக் கீழாநெல்லியின் கசப்புதான் நாக்கில் வரும்.

போன வருடம் என் தங்கச்சி பத்தாவது எழுதினாள். அவளுக்குப் பயாலஜி குரூப் வேண்டும். காரணம் ஒரு வெங்காயத் தோல். ஒன்பதாவதில் மைக்ராஸ்கோப்பில் அதைக் காட்டினார்களாம். ஒரே மைக்ராஸ்கோப், பெரிய வரிசை. இவள் கண்ணை வைத்து, ஏதோ கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று பிடிபடும்போது பெல் அடித்துவிட்டது. பிளஸ் ஒன்னில் சேர்ந்தால் முழுசாகப் பார்க்கலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தவள்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் பயிற்சியாளன். ஒரு வருடப் பயிற்சி, முடிந்ததும் நிரந்தரம் ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆகலாம் என்றுதான் சொன்னார்கள். என் முன்னால் இருந்த வேலை ஒன்றுதான்: குழாயடியில் அந்தக் கேள்வி வரும்போது அம்மா "சும்மாதான்" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். சொல்வதற்கு வேறு ஏதாவது பதிலை நான் தயார் பண்ண வேண்டும்.

அந்தச் சமயத்தில் நெடுஞ்சாலை ஓரத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளிகள் சம்மர் கேம்ப் என்று பேனர் கட்டியிருந்தன. நீச்சல், ரோபோ, குதிரைச் சவாரி. பேனரில் உண்மையாகவே ஒரு குதிரை நின்றது. எங்களுக்குச் சர்ச்சில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி இருந்தது. எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லா வீட்டுச் சின்னப் பிள்ளைகளும் போவார்கள், பாட்டும் பிஸ்கட்டும் உண்டு. ஆனால் பதினைந்து வயதுப் பெண் கையை ஆட்டிக்கொண்டு முயல் மாதிரி குதிக்க மாட்டாள். ஏரிக்குப் போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. வருடா வருடம் லீவில் ஏரி யாராவது ஒரு பையனை வைத்துக்கொள்கிறது.

ரேஷன் கடைக்கு முன்னால் ஒரு ஷெட் உண்டு. பொருள் போடாத நாட்களில் அங்கே நாய்கள்தான். காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் அதைக் கூட்டிச் சுத்தம் செய்தேன். தங்கச்சியையும் அவள் வகுப்புப் பிள்ளைகளையும் உட்கார வைத்தேன். காயலான் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய நட்டு போல்ட்டில் செஸ் காய்கள் செய்தோம். சின்ன நட்டு சிப்பாய், இறக்கை நட்டு குதிரை, நீள போல்ட் ராஜா. ராஜாவை விட ராணி குட்டையாக இருக்கிறாளே என்று பெண்கள் சண்டை போட்டதால் இரண்டையும் மாற்றினோம். கேன்டீனிலிருந்து அம்மா கொண்டுவரும் பழைய பேப்பரை ஆளுக்கு ஒரு பக்கம் படித்து, பார்க்காமல் சொல்ல வேண்டும். கம்பெனிகள் வெளியே எறியும் பேக்கிங் பட்டைகளைக் கழுவி, காலனி அக்கா ஒருவரிடம் கூடை பின்னக் கற்றுக்கொண்டார்கள். ஒரு நாள் எல்லோரும் ரயிலேறிப் பொன்னேரிக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்தோம். அங்கே ஒருவர் என்னை எந்த ஸ்கூல் சார் என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

ரேஷன் கடை ஷட்டரில் சாக்பீஸால் "சம்மர் கேம்ப்" என்று எழுதி வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் யாரோ அழித்துத் திருத்தியிருந்தார்கள்: "சும்மா கேம்ப்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டே நாளில் காலனிக்கு அதுதான் பெயர். சிலர் கிண்டலுக்குச் சொன்னார்கள், பலருக்குக் காதில் விழுந்ததே அப்படித்தான். குழாயடியில் அம்மாவை அந்தக் கேள்வி கேட்டபோது, நான் சொல்லிக்கொடுத்த பதிலை அம்மா பெருமையாகச் சொன்னாள். "சும்மா கேம்ப்புக்குப் போவுது."

கேட்டவள் வேன் அக்கா. காலனியிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோய் விடும் கான்ட்ராக்ட் அவளுடையது. என்னை விடப் பத்து வயது கூட இருக்கும். கெட்டவள் என்று சொன்னால் பொய். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அவள் வேன்தான் ராத்திரியிலும் ஆஸ்பத்திரிக்கு ஓடும்.

மறுநாள் ஷெட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பிள்ளைகள் கூடை பின்னுவதைப் பார்த்தாள். பட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதையே பார்த்தாள். தங்கச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மூலையை மடக்கினாள்.

"கை நல்லா ஓடுதேபா" என்றாள் என்னிடம். "எங்க லைன்ல ஒரு மாசம் கத்துக் குடுத்தாலும் இப்டி ஓடாது. நல்லா ரெடி பண்ணி வச்சிகீற தம்பி."

இது வேலைக்காக இல்லை, லீவு போவதற்காக என்று சொன்னேன்.

"அதாம்பா நானும் சொல்றேன். லீவு போறதுக்குதான்."

அந்த வாரம் ஒரு பையன் வரவில்லை. அடுத்து இரண்டு பெண்கள். எந்த வீட்டையும் நான் குறை சொல்ல முடியவில்லை, போய்ப் பேசிய வீட்டிலெல்லாம் எனக்கு டீ கொடுத்து, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, மறுநாள் பிள்ளையை வேனில் ஏற்றினார்கள். செஸ் ஆட ஆள் இல்லாமல் தங்கச்சியும் நானும் ஆடினோம். அவள் மனசு ஆட்டத்தில் இல்லை. வேன் திரும்பி வரும் நேரத்துக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இறங்குகிற பெண்கள் நெயில்பாலிஷ் போட்டிருந்தார்கள், கம்பெனி சூப்பர்வைசரைப் பற்றி ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இவளுக்கு அந்த ஜோக் புரியவில்லை.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அவள் பள்ளியிலேயே பயாலஜி குரூப்பும் கிடைத்தது. அன்றைக்கு அம்மா கேசரி கிண்டினாள். சாப்பிட்டு முடித்த தட்டோடு தங்கச்சி சொன்னாள்: "நானும் வேலைக்குப் போறேண்ணா. ஸ்கூல் தொறக்கறவரைக்கும்."

கூடாது என்றேன். ஏன் என்றாள். என் வகுப்பில் காலியான பெஞ்சுகளைப் பற்றிச் சொன்னேன். அதை முன்பே பலமுறை கேட்டிருக்கிறாள்.

"எனக்கு சீட்டு கெடச்சிட்சி இல்ல? அவங்களுக்குலாம் கெடைக்கல. உன் கேம்ப்புல நான் மட்டும்தாண்ணா கீறேன். ஒரு ஆளுக்கு இன்னா கேம்ப்பு?"

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேசரிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நோட்டு, ஷூ, பஸ்ஸு எல்லாம் அவளே பாத்துக்குவா நைனா. தொறந்தவுடனே நின்னுடும்" என்றாள். அந்த வாக்கியத்தில் எது நின்றுவிடும் என்று நான் அப்போது கேட்டிருந்தாலும் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

மூன்று வாரம் போனாள். எனக்குக் கோபம், ஆனால் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைக்க முடியாது. அந்த ஜோக் அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளி திறக்கும் தேதி நெருங்கியபோது யூனிபார்மை இஸ்திரி போட்டுச் சுவரில் மாட்டினாள். எனக்கு மூச்சு வந்தது. தோற்றுவிடவில்லை என்று நினைத்தேன்.

அப்போது டிவியில் செய்தி வந்தது. வெயில் குறையாததால் பள்ளி திறப்பு தள்ளிவைப்பு.

வெயில் என்றால் பள்ளியைத் தள்ளிவைப்பார்கள். கம்பெனியைத் தள்ளிவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வெயிலிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றக் கொடுத்த அந்த நாட்களில் என் தங்கச்சி தகரக் கூரைக்கு அடியில் நின்று பெட்டி மடித்தாள். அந்த நாட்களிலேயே எங்கள் கம்பெனியில் என்னையும் என்னோடு சேர்ந்தவர்களையும் கூப்பிட்டு, பயிற்சி முடிந்தது, நன்றாகச் செய்தீர்கள் என்று சான்றிதழ் கொடுத்து, ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடப் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே கேட்டில் வரிசையாக நின்றார்கள். எனக்கு வரவேண்டிய இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை, வருடா வருடம் மாறுகிற இடம்தான் இருந்தது. எங்கள் காலனி பாஷையில் சொன்னால் நானும் லீவு வேலைக்குத்தான் போயிருந்தேன்.

பள்ளி திறந்த அன்று யூனிபார்ம் சுவரில்தான் இருந்தது. யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை. நான் சத்தம் போட்டேன், போ என்று. தங்கச்சி நிதானமாகத் தலை பின்னிக்கொண்டாள்.

"உனக்கு வேலை கெடைக்கறவரைக்கும்ணா. அப்பறம் போறேன். சீட்டு எங்க போயிடும்?"

சீட்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷி. கொஞ்ச நாள் பேரை அடிக்காமல் வைத்திருந்தார். பிறகு அவராலும் முடியவில்லை.

வேன் அக்காவை ஒரு நாள் வழியில் நிறுத்திக் கேட்டேன், படிக்கிற பெண்ணை இப்படிச் செய்யலாமா என்று. சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். அவள் கோபப்படவில்லை. என்னைத் திருப்பிக் கேட்டாள், தான் எப்போது இந்த வேலைக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன்.

"பத்தாவது லீவுல. லீவுக்குனுதாம்பா போனேன்" என்றாள். வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "இன்னும் ஸ்கூல் தொறக்கல."

நட்டு போல்ட்டு செஸ் காய்கள் ஒரு டப்பாவில் பரண் மேல் கிடக்கின்றன. நான் தினமும் கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சான்றிதழின் நகலைக் கொடுத்துவிட்டு வருகிறேன். பல இடங்களில் செக்யூரிட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார். மற்ற நேரம் வீட்டில்.

இது மறுபடியும் ஏப்ரல். காலையில் தங்கச்சியை ஏற்றிக்கொள்ள வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். உடம்பு சரியில்லாமல் லீவு போட்டிருந்த அம்மா வாசலில் நின்றாள். வேனுக்குள்ளிருந்து அக்கா குரல் கேட்டது, தம்பி இன்னா பண்ணுது என்று. உள்ளே நான் பல் தேய்ப்பதை நிறுத்தினேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். அவள் வேறு பதில் தேடியிருப்பாள் என்றுதான் நம்புகிறேன்.

"சும்மாதான் கீது" என்றாள்.