கறுப்புக் குதிரையில் எச்சில்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்துக்குப் போய் மௌரீனிடமே கேட்கலாம். கேளுங்கள், கை மட்டும் நீட்டாதீர்கள். அவள் இப்போது யாருக்கும் கை கொடுப்பதில்லை.

நடந்தது போன வருஷம் ஜூலையில். நள்ளிரவும் இல்லை, சுடுகாடும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

அந்த ஏரியாவில் ஒரு தையல்கடை மாடியில் சின்ன செஸ் கிளப் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம். ஆட்டம் முடியாவிட்டால் பலகையை அப்படியே துணி போட்டு மூடிவிட்டு, அடுத்த ஞாயிறு தொடர்வார்கள். நடுவில் வீட்டில் யோசிக்கலாம். கம்ப்யூட்டரைத் தொடமாட்டோம் என்று மட்டும் சத்தியம் செய்ய வேண்டும். மௌரீன் செய்தாள், காப்பாற்றவும் செய்தாள். இறுதி ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குத்தான் மைசூருவில் நடக்கும் மாநிலப் போட்டியில் கிளப்பின் ஒரே இடம். வருஷா வருஷம் அதை அவளிடமிருந்து தட்டிப் பறித்தவர் ஒரே ஆள், முனியப்பன்.

ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர். ஆட்டத்தில் புலி. பழக்கத்தில்... சொல்லவே குமட்டுகிறது. ஒவ்வொரு காயைத் தொடும் முன்னும் இரண்டு விரலை நாக்கில் நனைப்பார். புகையிலை வாடையோடு எச்சில் காயில் பளபளக்கும். அவருடைய காயை வெட்டும்போது மௌரீன் கர்சீப்பால்தான் பிடித்து எடுப்பாள். "சார், ப்ளீஸ், தொடச்சிட்டு ஆடுங்க" என்றால் தலையைக் குனிந்துகொள்வார். விரல் மறுபடி நாக்குக்குத்தான் போகும்.

போன ஜூலையில் பாதியில் நின்ற இறுதி ஆட்டத்தில் மிஞ்சியது இவ்வளவுதான். அவளிடம் ஒரு பிஷப், அவரிடம் ஒரு குதிரை, ஆளுக்கு நாலு சிப்பாய். இரண்டு ராஜாவும் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நின்றன. யார் நகர வேண்டி வருகிறதோ அவர் வழி விட்டாக வேண்டும். முறையோ அவளுடையது. நிலையைக் கெடுக்காமல் ஒரு முறையை வீணாக்கி, அதை அவர் தலையில் கட்ட வேண்டும். பிஷப்பால் அது முடியும். எந்தக் கட்டத்தில் வைத்து என்பதுதான் வாரம் முழுக்க அவள் தூக்கத்தைத் தின்றது.

அம்மா ஜூலியா, சர்ச்சில் மாதா நவநாள் ஜெபத்துக்குக் கிளம்பியபோது மணி ஐந்து. மௌரீன் தன் சொந்தப் பலகையில் அதே நிலையை அடுக்கினாள். பிஷப்பை ஒரு கட்டம் பின்னால் வைத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கறுப்புக் குதிரை பிஷப்பைத் தாக்கி நின்றது.

நாம்தான் நகர்த்தி மறந்திருப்போம் என்று அதைத் திருப்பி வைக்க எடுத்தாள்.

ஈரம். கொழகொழவென்று விரலில் நூலாக இழுத்தது. புகையிலை வாடை.

"சீ!" குதிரையையும் கையையும் டெட்டால் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

எழுந்து ஓடியிருக்கலாமே என்பீர்கள். செஸ் பைத்தியங்களை உங்களுக்குத் தெரியாது. குதிரை போனது சரியான இடம். அவள் திட்டத்தின் ஓட்டையை அது காட்டிவிட்டது. பயத்தைவிட ரோஷம் முந்திக்கொண்டது. பிஷப்பை வேறு கட்டத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

ச்ளப்...

நாக்கு விரலை நக்கும் சத்தம். எதிர் நாற்காலியிலிருந்து.

கண்ணைத் திறந்தாள். குதிரை செக் கொடுத்து நின்றது. அதன் கழுத்திலிருந்து எச்சில் வழிந்தது.

ஆனாலும் விடை தெரிந்துவிட்டது. குதிரை எட்ட முடியாத கட்டம் ஒன்றுதான். மூலை. அங்கிருந்தும் பிஷப் அதே கோட்டைக் காக்கும். காய்களைப் பழையபடி வைத்து, பிஷப்பை மூலைக்குத் தள்ளினாள்.

இப்போது முறை அந்தப் பக்கம்.

ச்ளப்... குதிரை நனைந்தது. நகரவில்லை.

ச்ளப்... ஒரு சிப்பாய்.

ச்ளப்... ராஜா.

பலகையெல்லாம் எச்சில்.

மணி 5:52. கறுப்பு ராஜா மெல்லச் சாய்ந்து படுத்தது.

தோல்வியை ஒப்புக்கொண்டாயிற்று. ஜெயித்தவள் என்ன செய்வாள்? சின்ன வயதுப் பழக்கம். யோசிக்காமல் கையை நீட்டினாள்.

பிடித்துக் குலுக்கியது.

சில்லென்று... வழவழவென்று... விரல் இடுக்கெல்லாம்...

மேஜையிலேயே வாந்தி எடுத்தாள்.

முனியப்பன் செத்திருப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இல்லை. ஞாயிறு காலை அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், பளிச்சென்று ஷேவ் செய்துகொண்டு. வாயில் புகையிலை இல்லை. விரல்கள் காய்ந்திருந்தன.

மௌரீன் பிஷப்பை மூலையில் வைத்தாள். அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கிளப் செயலாளர் அமலிடம் கூச்சத்தோடு கேட்டார்.

"தம்பி, இந்தக் குதிரை எப்டிப்பா போவும்?"

விளையாடுகிறார் என்று அமல் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. பக்கவாதமோ என்று பயந்து அவர் மனைவி தமயந்திக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"செஸ்ஸா? அவருக்கு இன்னா தெரியும் அதெல்லாம்? ஞாயித்துக்கெழம ஆனா அழுதுகினே கெளம்புவாரு. ஏன்னு கேட்டா சொல்லமாட்டாரு. இன்னிக்குத்தாம்பா சிரிச்சிகினு போனாரு."

ஆகஸ்டில் மைசூரு போட்டி நடந்தது. மௌரீன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. போட்டிக்கு ரயிலேறும்போது அழுதுகொண்டே போனாள் என்று ஜூலியா சொன்னார்.