கரையோரம் நின்ற தாழ்வு மண்டலம்

அடையாறில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் அந்த அம்மா இருந்தார். நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் செல்போன். வெள்ளம் வந்தால் முதலில் நுழைவது அவர் வீட்டில்தான். உள்ளே பக்கவாதத்தில் படுத்த கணவர். அதனால் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானாலே செயற்கைக்கோள் படத்தை மணிக்கொரு முறை பார்ப்பார்.

போன கார்த்திகையில் அப்படி ஒன்று உருவானபோது, "வலுவிழந்துடுச்சாம் மேடம், பயப்படாதீங்க" என்றார் குடியிருப்புச் சங்கச் செக்ரட்டரி.

"வலுவிழந்தா என்ன? கரைகிட்ட நகராம நிக்குதே. நின்ன இடத்துலதான் கொட்டும்."

அன்றே நாலு பேரைப் பிடித்து, கணவரை மூன்றாம் மாடியில் என் வீட்டுக்கு ஏற்றிவிட்டார்.

மறுநாள் சுள்ளென்று வெயில்.

"இன்னா மேடம், மழையக் காணோமே?" செக்ரட்டரி சிரித்தார்.

"வரலேன்னு சந்தோஷப்படுங்க சார். அடுத்த தடவையும் இவரை மாடிக்குத்தான் ஏத்துவேன்."

கணிப்பு தவறிய ஒருவர் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.