வெற்றிலையோடு எடுத்த அளவு

‘நோயாளி: ருக்குமணி. தேயிலைத் தோட்டத் தொழிலாளி. அதிகம் பேசாதவர். வெற்றிலைப் பழக்கம் இல்லை. மேல்வரிசைப் பற்கள் இல்லை.’

1986-இல் மலையூரான ரிங்லெட்டில் பல் மருத்துவம் பார்த்த டாக்டர் ஞானசுந்தரம் தன் அட்டையில் இப்படித்தான் எழுதினார். பற்களைப் பற்றிய வரி உண்மை.

அவள் அங்கே பேசாமல் இருந்ததற்குக் காரணம், கன்னத்தில் வெற்றிலை இருந்ததுதான். தோட்டத்தில் ருக்குமணி வாயைத் திறந்தால் அடுத்த மலையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் பதில் சொல்வார்கள். கல்யாண நலங்கில் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவது அவள் வேலை. யாரும் கொடுத்ததில்லை, யாரும் பறிக்கத் துணிந்ததுமில்லை. பல் போனபின் பாட்டில் பாதி காற்றாகிவிட்டது. தை மாதம் தம்பி மகள் செல்லத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் கம்போங் ராஜா. அவர்கள் பக்கம் பாட அம்மாக்கண்ணு வருகிறாள். அவளுக்குப் பாட்டும் உண்டு, பல்லும் உண்டு. அவளிடம் தோற்பதைவிடக் கல்யாணத்துக்கே போகாமல் இருக்கலாம் என்றாள் ருக்குமணி. ஆகவேதான் டாக்டரிடம் வந்தாள்.

“வாயில ஏதாச்சும் இருக்காம்மா?”

இல்லையென்று தலையை ஆட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. வெற்றிலை நாக்கைப்போல, வாயில் இருக்கும் பொருளென்று அதை யார் சொல்வார்கள்?

“வாய் இப்படிச் செவந்திருக்கே?”

“குளிருலா, டாக்டர்.”

டாக்டர் ஈப்போ நகரத்திலிருந்து புதிதாக மலையேறியவர், நம்பினார். தட்டில் மாவைக் குழைத்து, மேலண்ணத்தில் அழுத்தி அச்செடுத்தார். கன்னத்துப் பக்கம் விழுந்த பள்ளத்தை எலும்புப் புடைப்பு என்று எண்ணிக்கொண்டார். அவள் மறைத்ததை மாவு மறைக்கவில்லை.

ஈப்போவில் செய்த பல்செட் வந்தது. வெற்றிலையோடு மாட்டினால் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் உட்கார்ந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பல் சோற்றில் விழுந்தது. மறுநாளே ரிங்லெட்டுக்கு ஓடினாள்.

டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். “ஏம்மா, வெத்தலையோடவா அளவு குடுத்தீங்க?”

“நீங்க வாயில ஏதாச்சும் இருக்கான்னுதான கேட்டீங்க? இது கன்னத்துல இருந்துச்சு.”

டாக்டருக்குக் கோபம் வரவேண்டும், சிரிப்பு வந்தது. “அளவுல ஒரு குத்தமும் இல்ல. வெத்தலையையும் சேத்து கச்சிதமா எடுத்திருக்கேன். வெளிநாட்டுல இனிமே மாவே வேணாமாம், கேமராவ வாய்க்குள்ள விட்டே அளக்குறாங்களாம்.”

“அப்ப வெத்தலையும் படத்துல விழுந்திருக்கும்லா!”

புதிய செட்டுக்கு மறுபடி ஈப்போவுக்கு அனுப்ப வேண்டும், கல்யாணமோ ஞாயிற்றுக்கிழமை. கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டே நலங்குக்குப் போனாள் ருக்குமணி. பல் நின்றது, பாட்டும் காற்றில்லாமல் வந்தது. மாப்பிள்ளையின் மூக்கு, அவன் அப்பாவின் தொப்பை, அவர்கள் வந்திறங்கிய லோரி, ஒன்றையும் விடவில்லை.

அம்மாக்கண்ணு அவள் வாயையே கூர்ந்து பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் பாட்டை எடுத்துவிட்டாள்:

“பொண்ணு வீட்டு அத்தைக்குப்
பல்லு மட்டும் புதுசாம்,
பாட்டு ரொம்பப் பழசாம்!”

கூடமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ருக்குமணி. அந்தச் சிரிப்பில் வெற்றிலை தொண்டைக்குள் போயிற்று. பல்செட் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

செல்லம் முகத்தை மூடிக்கொண்டாள். ருக்குமணி பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாதி எழுத்து, பாதி காற்றாகப் பாடினாள்:

“ஈப்போ பல்லு எறங்கிப்போச்சு,
என் பாட்டு எறங்கலியே!
ஒன் மாப்பிள்ளைக்குப் பல்லு வேணுமா?
ஒண்ணு வச்சிருக்கேன், வாங்கிக் கடி!”

காற்று கலந்த ஒவ்வொரு சொல்லுக்கும் சிரிப்பு இரட்டிப்பாயிற்று. பதில் பாட எழுந்த அம்மாக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ அக்கா, போதும்லா! தோத்துட்டேன்!”

ருக்குமணி நிறுத்தவில்லை. பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் எழுந்து சாப்பிடப் போகும்வரை பாடினாள்.